காக்காவுக்குக் காரம் ஆகாது

ரத்தத்தில் ஸ்டீராய்டுக்கான அடையாளம் தெரிகிறது என்று டாக்டர் பிரியதர்ஷினி சொன்னதும், தேவகி மெல்லத் திரும்பித் தன் மருமகளைப் பார்த்தாள்.

நதியா சுவரில் மாட்டியிருந்த முழங்கால் படத்தைப் பார்த்தாள்.

தேவகி ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடுவதே இல்லையாம். போன முறை இதே நாற்காலியில் உட்கார்ந்து வரதர் மேல் சத்தியம் செய்திருந்தாள்.

முடக்குவாதத்துக்கு இந்த ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். உடம்பில் ஆள்காட்டி வேலை பார்க்கிற செல் ஒன்று உண்டாம். டென்ட்ரிட்டிக் செல் என்று பெயர். அது யாரைக் காட்டுகிறதோ அவர்களை மற்ற செல்கள் போய் அடிக்கும். தேவகிக்கு அது சொந்த மூட்டையே அந்நியன் என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அவள் ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து அந்தச் செல்லை வளர்த்து, இது நம் வீட்டு ஆள், விடு என்று பழக்கி, மறுபடி அவள் முழங்காலுக்குள்ளேயே ஊசியாகப் போடுவார்கள். பலிக்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. சோதனையில் சேர வேண்டுமானால் ஸ்டீராய்டு எடுத்திருக்கக் கூடாது என்பது விதி.

வீட்டு ஆளையே எதிரியாக நினைக்கிற நோய் இது என்று டாக்டர் விளக்கியபோது, தேவகி நதியாவைப் பார்த்துத் தலையாட்டினாள். தேவகிக்குப் பாதிதான் காதில் விழுந்திருந்தது.

அவர்கள் குடியிருக்கிற பிள்ளையார்பாளையத்தில் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம் இது. மகன் இளவரசன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள் சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள் என்று தேவகி குழாயடியிலும் சொன்னாள், கோயிலிலும் சொன்னாள். அவள் வந்த வருஷம்தானே மூட்டு வீங்கியது? போதாததற்கு மருந்துக்கடையில் வேறு வேலை பார்க்கிறாள். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்து அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுவேன் என்று மகனிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

முசரவாக்கம் பக்கம் இடுமருந்து எடுக்கிற ஒருவரிடம் போய், வயிற்றிலிருந்து கறுப்பாக எதையோ எடுக்க வைத்துக்கொண்டும் வந்தாள். அந்த வாரத்திலிருந்து வீக்கம் வடிந்தது. பார்த்தாயா என்று மகனைக் கேட்டாள்.

ஆனாலும் பட்டுக்கடையில் இருபது வருஷம் சேலை மடித்த அந்த விரல்களுக்கு இப்போது ஒரு கொசுவம் வைக்க வராது. காலையில் புடவை கட்டிவிடுவதும் நதியாதான், இட்லி வைப்பதும் நதியாதான். வேறு வழி?

அதனால் முதல் விள்ளல் காக்காவுக்குப் போகும். பக்தியெல்லாம் இல்லை. தின்ற காக்கா மதில்மேல் உயிரோடு உட்கார்ந்திருந்தால்தான் தேவகி தன் வாயில் வைப்பாள். முதலில் சட்னியில் தோய்த்துத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷத்திலிருந்து வெறும் இட்லி. காக்காவுக்குக் காரம் ஆகாதாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை, சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள் என்று தேவகி தெருவில் சொன்னது கடைசியில் நிஜமாகிப்போனதுதான்.

ஊர் டாக்டர் எழுதிக்கொடுத்த கசப்பான ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு நாள் விழுங்கிவிட்டு, முகம் ஊதிப்போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஜன்னல் வழியே எறிந்தவள் தேவகி. ராத்திரியெல்லாம் அவள் முனகுவதைப் பொறுக்க முடியாமல், அதே மாத்திரையை டம்ளர் அடியால் நசுக்கிக் காரச் சட்னியில் கலந்து தனிக் கிண்ணத்தில் வைத்தவள் நதியா. அதுவும் முசரவாக்கம் போய் வந்த அதே வாரத்தில். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

டாக்டர் மறுபடி கேட்டார். அளவும் காலமும் தெரியாமல் மாத்திரை சட்டென்று நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. யாருக்காவது ஏதாவது தெரியுமா?

நதியா யோசித்தாள். சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் அத்தை போய்விடுவாள். அவளுக்கு அழுகை வந்தது. தன்மேலேயே கோபமாகவும் வந்தது.

சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள். அதற்குள் தேவகி முந்திக்கொண்டாள்.

"தெனம் காலையில ஒண்ணு டாக்டரம்மா, சட்னியில. நாயித்துக்கெழம மட்டும் கெடையாது. அன்னிக்கி இவ சர்ச்சுக்குப் போயிடுவா, கடை சட்னியில அந்தக் கசப்பு இருக்காது."



டாக்டர் நதியாவைப் பார்த்தார். நதியா தலையைக் குனிந்துகொண்டே மாத்திரையின் பெயரையும் அளவையும் சொன்னாள். அத்தையிடம் சொல்லாமல் கொடுத்ததற்கு அவளுக்கு நல்ல திட்டு விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திய பிறகு சோதனையின் அடுத்த குழுவில் சேர்க்க முடியுமா பார்க்கலாம் என்றார். பிறகு தேவகி பக்கம் திரும்பி, தெரிந்திருந்தும் ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார்.

தேவகி மருமகளைப் பார்க்கவில்லை. மடங்காத விரல்களால் முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொன்னா பயந்துக்கினு நிறுத்திடுவாம்மா."

நதியாவுக்கு மதில்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கா நினைவுக்கு வந்தது. ஒரு வருஷமாக அதற்கு ஒரு சொட்டுச் சட்னி கிடைத்ததில்லை.