தடை சொல்ல எழுந்தவள்

"இன்னைக்கு மூணாவது ஞாயிறு. கோயில்ல எழும்பித் தடை சொல்லத்தான் போறேன்," என்றாள் ரூபி.

"போதகர் ஐயா வயசானவரு. சபையில அவரை எதிர்த்துப் பேசாதடி," என்று கெஞ்சினாள் அம்மா நேசம்மா.

"ரெண்டு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கீங்களே, வெக்கமா இல்லையா?"

அப்பா கோட்டை மாட்டினார். அவர் வாய் திறந்தே இரண்டு வாரம்.

மாத்தளைத் தேவாலயத்தில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய விவாக அறிவிப்பைப் போதகர் மூன்றாம் முறையாக வாசித்து முடித்தார்.

"இந்த விவாகத்துக்குத் தடை சொல்வோர் உண்டோ?"

ரூபி எழுந்தாள். பாடகர் வரிசையில் மாப்பிள்ளை ஆசீர்வாதம் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாப்பிள்ளை பேரு சரி, ஐயா. ஆனா பொண்ணு நான்! நீங்க மூணு வாரமா வாசிக்கிறது எங்கம்மா பேரு!"

சபை திகைத்தது. எல்லோருக்கும் முந்தி அப்பாதான் கத்தினார்: "ஆமென்!"