முதலில் இறக்கை வந்தது

"கோமாரு சாகணும், தொகொனாமி-சான். இந்தத் தடவை நிஜமாவே சாகணும்."

சொல்லிவிட்டு ஃபுயுமி மினெகிஷி தலையைக் குனிந்துகொண்டாள். கோமாரு ஒரு ராட்சத ரோபோ. நாற்பத்து நான்கு வருடமாகத் தொலைக்காட்சியில் சண்டை போடுகிறது. அதன் பன்னிரண்டாம் பாகத்துக்கு அவள்தான் எழுத்தாளர். கடைசி அத்தியாயத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். உறை மேசை மேல் கிடந்தது.

தொகொனாமி பொம்மை நிறுவனத்துக்காரர். தொடருக்குப் பணம் போடுவது அவர்கள். அவர் பார்லித் தேநீரை நிதானமாகக் குடித்தார்.

"போன பாகத்துலயும் செத்துச்சு. அதுக்கு முந்தியும் செத்துச்சு. கோமாரு சாகறது நமக்கென்ன புதுசா?"

"ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்துடுச்சே. அது எழுந்தா மறுபடி ஒரு போர். மறுபடி ஒரு பதினாலு வயசுப் பிள்ளையை உள்ள ஏத்தி அனுப்பணும். இதுவரைக்கும் பதினோரு பேர் ஏறினாங்க. எட்டுப் பேர் திரும்பலை." அவள் உறையை அவர் பக்கம் தள்ளினாள். "இந்தப் பாகத்துல ஏறற என் பொண்ணு வீட்டுக்கு நடந்து போகட்டும். அவளுக்கப்புறம் எந்தப் பிள்ளையும் ஏறக்கூடாது. இதுக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

"உங்க பொண்ணு கற்பனைப் பொண்ணுங்க."

"எனக்கு ஒன்பது வயசுல நாலாம் பாகத்துப் பையன் செத்தான். மூணு நாள் நான் பள்ளிக்கூடம் போகலை."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிழவர் சிரித்தார். ஹதகெடா. எழுபத்தொன்பது வயது. கோமாருவை முதன்முதலில் வரைந்தவர், எட்டாம் பாகம்வரை எழுதியவர். எல்லோருக்கும் அவர் 'சென்செய்', அதாவது ஆசான்.

"மினெகிஷி, முதல் பாகத்துல கோமாருவுக்கு இறக்கை உண்டா?"

"இல்ல, சென்செய். மூணாவதுல வந்துச்சு."

"ஏன் வந்துச்சு?"

"எதிரி வானத்துலேர்ந்து வந்தான். அதனால."

"அதான் இல்ல. முதல்ல இறக்கைதான் வந்துச்சு. இவங்க ஆலையில பொம்மைக்கு அச்சு வெட்டிட்டு, என்னைக் கூப்பிட்டு பொம்மை டப்பாவைக் காமிச்சாங்க. நான் போய் எதிரியை வானத்துல ஏத்தினேன். அஞ்சாவதுல டப்பாவைத் திறந்தா துடுப்பு. எதிரி கடலுக்குப் போனான். ஏழாவதுல வால்! வாலுக்கு என்னம்மா கதை எழுதறது? ஒரு வாரம் நான் குளிக்கக்கூட இல்லை."

"வால் நல்லா வித்துச்சு, சென்செய்," என்றார் தொகொனாமி.

"விக்கும்யா, விக்கும். ஒரு அச்சு வெட்ட ஒண்ணரை வருஷம் ஆகுது. கதையை மாத்த ஒரு ரப்பர் போதும். அப்ப எது வளையும்?"

ஃபுயுமி அவரை நன்றியோடு பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். முதலில் அவள் கோமாருவை உலையில் உருக்கித் தண்டவாளமாக்குவது போல எழுதியிருந்தாள். ஒரு மாலை, ஆற்றங்கரையில் நடக்கும்போது அவர் சொன்னார்: "உருக்கிட்டா உருவம் மிஞ்சாதும்மா. ஜனங்க அழறதுக்கு ஒரு உருவம் வேணும். வலது கை முழங்கையோட பிஞ்சு, நெஞ்சுல ஓட்டையோட, கடல்ல மண்டி போட்டு நிக்கட்டும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அன்று ரயிலில் அழுதுகொண்டே வீடு போனாள். அப்படியே மாற்றி எழுதினாள்.

இப்போது அந்தக் கிழவர் எழுந்து நின்று, இடுப்பை வளைத்து, நெற்றி மேசையில் படும்படி வணங்கினார்.

"நான் போறதுக்கு முன்னாடி அது போகணும், தொகொனாமி. விட்டுடுங்க அதை."

ஃபுயுமியும் பதறி எழுந்து வணங்கினாள். 

"ரெண்டு பேரும் உக்காருங்க முதல்ல," என்றார் தொகொனாமி. பெருமூச்சு விட்டார். "சரி. சாகட்டும். முழங்கை பிஞ்சு, நெஞ்சுல ஓட்டையோட, கடல்ல மண்டி போட்டுச் சாகட்டும். ஒரு எழுத்தை நாங்க மாத்த மாட்டோம். இனி எழாதுன்னு கையெழுத்துப் போட்டே தர்றேன்."

 ஃபுயுமி கைக்குட்டையைத் தேடினாள்.

தொகொனாமி பைக்குள் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "முதல் டப்பா எழுத்தாளருக்குத்தான். அதான் நம்ம வழக்கம். நான் ஆபீசுக்கு ஒரு போன் பண்ணிட்டு வர்றேன்."

அவர் வெளியே போனார். டப்பாவின் மேல் 'கோமாரு: இறுதி உருவம்' என்று அச்சிட்டிருந்தது.

சிறு வயதிலிருந்து நூறு பொம்மையாவது பிரித்து ஒட்டிய கை. தானாகவே டப்பாவைத் திறந்தது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் பொம்மையின் பாகங்கள் வரிசையாக இருந்தன. மடங்கிய இரண்டு கால்கள். ஓட்டை விழுந்த நெஞ்சு. முழங்கையோடு பிய்ந்த வலது கை.

மேசை மேல் அவளுடைய உறை இன்னும் பிரிக்கப்படாமலே கிடந்தது.

அவள் சட்டத்தைத் திருப்பினாள். அச்சு வெட்டிய வருடத்தை ஓரத்தில் பொறித்திருப்பார்கள். பொறித்திருந்தார்கள். ஹதகெடா அவளைத் தேடி வந்ததற்கு ஒரு வருடம் முந்தைய வருடம்.

நிமிர்ந்து பார்த்தாள். கிழவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டப்பாவைக் காமிச்சுக் கேட்டிருந்தா, நீ எழுதியிருப்பியாம்மா?"