அடித்தல் திருத்தல் இல்லாமல்

"இந்த மனுஷனுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

மொழிபெயர்ப்பாளர் அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, டைப் அடித்து முடித்த நாலு பக்கங்களையும் கசக்கிக் கூடையில் போட்டாள். மணி நாலேகால். ஆறு மணிக்குக் கெடு. அதற்குள் எதிரி நாட்டின் பதில், அமைச்சரின் மேசைக்குப் போகாவிட்டால் போர்தான்.

செயலாளர் ஏன் திருப்பி அனுப்பினார் தெரியுமா? இடது ஓரத்தில் மூன்று விரல் இடம் விடவில்லையாம்.

எல்லைப் பாலத்தில் எதிரி நாட்டுக் கிறுக்கன் எவனோ சுட்டதில் இந்த நாட்டுச் சுங்க அதிகாரி ஒருவர் செத்துப் போனார். அதற்காக இவர்கள் அந்த நாட்டுக்குப் பத்து நிபந்தனைகள் விதித்தார்கள். மானமுள்ள எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று இந்த அலுவலகமே சிரித்த நிபந்தனைகள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இவர்கள் இறங்குவார்கள். இவர்கள் இறங்கினால் மலைக்கு அப்பால் இருப்பவன் இவர்களுக்காக இறங்குவான், கடலுக்கு அப்பால் இருப்பவன் அவர்களுக்காக இறங்குவான். எல்லாரும் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. ஒரு கிறுக்கன் சுட்ட தோட்டாவுக்கு உலகத்தில் ஒரு மூலை மிஞ்சாது.

அவளுக்கு உலகத்தைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. அவளுடைய மூத்த மகன் அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் துப்பாக்கியோடு நிற்கிறான். 'சனிக்கிழமை லீவில் வர்றேன், என் கட்டிலை ஜன்னலோரமாப் போட்டு வைம்மா' என்று எழுதியிருந்தான். அவளும் போட்டு வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு எதிரி நாட்டுத் தூதரே பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் பிரித்துப் படித்தாள். பத்தையும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். பத்துக்குப் பத்து.

ஓடினாள் செயலாளரிடம்.

"சார், எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க. அமைச்சர்கிட்ட வாயால சொல்லிடலாம் சார்."

"வாய் வார்த்தைக்கு என்னம்மா மதிப்பு? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. வேற்று மொழிக் காகிதம் அவர் மேசைக்குப் போகாது. தடித் தாள்ல, அடித்தல் திருத்தல் இல்லாம அடிச்சுக் கொண்டா. என் கையெழுத்தோட உள்ள போகும்."

அப்படி அடித்துக் கொண்டுபோனதுதான் கூடையில் கிடக்கிறது.

இரண்டாம் தடவை மூன்று விரல் இடம் விட்டு, அளந்தும் பார்த்து, ஓட்டமாக எடுத்துப் போனாள். வராந்தா பெஞ்சில் தூதர் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயசானவர். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"படிச்சிட்டாங்களாம்மா?" என்று அவருடைய மொழியில் கேட்டார்.

"இதோ ஆச்சுங்க ஐயா."

ஆகவில்லை. இரண்டாம் பக்கத்தில் அமைச்சர் பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' விட்டுப்போயிருந்தது.

"சார், பேனாவால எழுதிடறேனே."

"அடித்தல் திருத்தல் கூடாதுன்னேனே."

மணி ஐந்து. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் பையன் அங்க நிக்கிறான் சார்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"தெரியும்மா. அதனாலதான் சொல்றேன். நாளைக்கு ஒரு பய, காகிதம் சரியில்ல, செல்லாதுன்னு சொல்லிடக் கூடாது. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. பதறாம அடிச்சுக் கொண்டா."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த நல்ல மனுஷனையா மனசாட்சி இல்லாதவர் என்றோம்? மகனுக்காக அவளுக்கு இருக்கும் பதற்றத்தைவிட அவருக்கு இருக்கும் அக்கறை அல்லவா பெரிது. 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று தன்னையே திட்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை ஒரு எழுத்து பிசகவில்லை. ஐந்தே முக்காலுக்கு முடித்துவிட்டாள். வராந்தாவில் தூதர் மறுபடி எழுந்தார். இவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அவரும் சிரித்தார்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்தை நிதானமாகப் படித்து, மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் பக்கத்தையும் அப்படியே. மூன்றாவதில் பேனாவில் மை தீர்ந்தது. புட்டியைத் திறந்து மை ஊற்றினார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

நாலாவது பக்கத்தைத் திருப்பும்போது சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது.

"அடடா," என்றார் செயலாளர். "கெடு முடிஞ்சுபோச்சேம்மா."

"உள்ளதானே சார் இருக்கார் அமைச்சர்? ஒரு எட்டு..."

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

நாலு பக்கங்களையும் அழகாக அடுக்கிக் கோப்பில் வைத்துக் கட்டினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இதைத் தூதர் கையில கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. உனக்குத்தான் அவங்க மொழி தெரியும்."

அவள் பிரித்துப் பார்த்தாள். போர்ப் பிரகடனம். அமைச்சரின் கையெழுத்து கீழே இருந்தது.

மேலிருந்து கீழே இன்னொரு தடவை படித்தாள். வாயைத் திறந்தபோது, அலுவலகப் பழக்கம்தான் பேசியது.

"சார், இதுல ஓரமே விடலை. நாலு இடத்துல அடிச்சுத் திருத்தியிருக்கு. தேதி வேற... நேத்துத் தேதி போட்டிருக்கு."

செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"அதெல்லாம் யாரும்மா பாக்கப்போறாங்க? அப்படியே கொண்டுபோய்க் கொடு."