ஒரு காருக்கான இடம்

கூடார முளை நிற்கவில்லை.

நான்காவது முறையாக அறைந்தாள். சேற்றுக்குள் சுகமாக இறங்கியது. கயிற்றை இழுத்ததும் அதே சுகத்தோடு வெளியே வந்தது.

கணுக்கால் வரை தண்ணீர். ஆசிரியையான அவள் அழைத்து வந்த பத்துச் சாரணியரும் பெட்டிகளைக் கீழே வைக்க இடமில்லாமல் தலையில் தாங்கி நின்றார்கள்.

பக்கத்தில் குச்சியில் கட்டிய அட்டை: இடம் எண் 17.

எல்லாம் குலுக்கல்தான். காலையில் டப்பாவைக் குலுக்கிச் சீட்டு எடுத்தார்கள். அப்போதே மெட்ரிக் பள்ளியின் கூடாரங்கள் மேட்டில் நின்றுகொண்டிருந்தன. சில பள்ளிகளுக்கு அதிர்ஷ்டம் முந்தின நாளே வந்து இறங்கிவிடுகிறது.

நான்கு கூடாரம் பிள்ளைகளுக்கு. இரண்டு, அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட்டுக்கும் ஷூவுக்கும்.

முகாம் செயலாளர் தணிகாசலம் வந்தார். செங்கல் மேல் ஏறி நின்றார். குடையை வேறொருவர் பிடித்தார்.

"சாரணியர்னா எதையும் தாங்கணும் மேடம். இதுவும் ஒரு பயிற்சின்னு நினைச்சுக்கோங்க."

பெட்டிக்கு அடியிலிருந்து பூவிழி கேட்டாள். "அப்ப மேட்டுல இருக்கிறவங்களுக்குப் பயிற்சி வேணாமா சார்?"

செயலாளர் வானத்தைப் பார்த்தார். மழை பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் முகாமில் தங்கினால்தான் விருதுத் தேர்வு. நடுவில் கிளம்பினால் அடுத்த ஆண்டு. பத்துப் பேரும் பத்தாம் வகுப்பு. அவர்களுக்கு அடுத்த ஆண்டு கிடையாது.

அவள் மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

நுழைவாயிலை ஒட்டி ஒரு சதுரம். புதிதாகக் கொட்டிய ஜல்லி. நான்கு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. சொட்டுத் தண்ணீர் இல்லை. 'சிறப்பு விருந்தினர் வாகனம்' என்று எழுதி, பலகைக்கே ஒரு மாலை போட்டிருந்தார்கள்.

ஒரு கார். மூன்று கூடாரத்துக்கான இடம்.

சேற்றில் கிடந்த முளையை எடுத்தாள்.

"தூக்குங்க."

பத்துப் பெட்டிகளும் அவள் பின்னால் ஜல்லிச் சதுரத்துக்கு நகர்ந்தன.

ஜல்லியில் முளை முரண்டு பிடித்தது. பிறகு பிடித்த பிடியை விடவில்லை. முதல் கூடாரம் எழுந்தது. இரண்டாவது. மூன்றாவதற்குக் கம்பம் நிமிரும்போது செயலாளர் ஓடி வந்தார். இந்த முறை குடை பின்னால் ஓடி வந்தது.

"பதினோரு மணிக்கு ஐயா வர்றாரு. கார எங்க நிறுத்துவாரு? பிரிங்க. இல்லேன்னா பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்புங்க. மலைப்பள்ளி பஸ் வந்துக்கிட்டு இருக்கு. பதினேழ அவங்களுக்குக் குடுத்துக்கறேன்."

குனிந்து, தானே ஒரு கயிற்றைப் பிடித்தார்.

அவள் பூவிழியைப் பார்த்தாள்.

"கொடி."

கூடாரக் கம்பத்தில் கொடி ஏறியது. பத்துக் கைகள் நெற்றிக்குப் போயின. மூன்று விரல் வணக்கம்.

முப்பது ஆண்டுப் பழக்கம். செயலாளரின் கை கயிற்றை விட்டுவிட்டு நெற்றிக்குத் தானாகப் போனது.

கொடிப்பாட்டு தொடங்கியது. பாட்டு முடியும்வரை யாரும் அசையக் கூடாது. சாரணர் வகுப்புகளில் அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். குடை பிடித்தவரும் விறைத்து நின்றதால் குடை சாய்ந்தது. செயலாளர் நனைந்தார்.

பிள்ளைகள் அவசரமில்லாமல் பாடினார்கள்.

கடைசி வரியில் கார் உள்ளே நுழைந்தது.

கண்ணாடி இறங்கியது. சிறப்பு விருந்தினர் கொடியைப் பார்த்தார். கூடாரங்களைப் பார்த்தார். நெற்றியில் கையோடு, மழையில் நனைந்து நிற்கும் செயலாளரைப் பார்த்தார். இதெல்லாம் தமக்காகத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"அடடா. இறங்குற இடத்துலயே அணிவகுப்பா? யார் ஏற்பாடு?"

செயலாளர் ஒரு நொடிதான் யோசித்தார்.

"நம்ம ஏற்பாடுதாங்கய்யா."

"பிரமாதம். நிறைவு விழாவுக்கு வரும்போதும் இது இப்படியே இங்கயே இருக்கணும். கலைச்சிடாதீங்க."

"சரிங்கய்யா."

கார் வேறு இடம் தேடிப் போனது. விருந்தினருக்கு மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், இன்னொரு மாலை போட்டார்கள். அந்த நேரம் அவளுக்குப் போதுமாயிருந்தது. பெட்டிமேல் தாளை வைத்து இரண்டு வரி எழுதினாள்.

"சார், இட மாற்றம். ஒரு கையெழுத்து."

முதல் வரி: எங்கள் பள்ளிக்கு நுழைவாயில் இடம், மூன்று நாளும்.

அதை மறுக்க அவருக்கு வழியில்லை. தலையாட்டினார்.

இரண்டாவது வரி: பதினேழில் யாரும் தங்க வேண்டாம். மலைப்பள்ளிக்கு மேட்டில், பிஸ்கட் கூடாரங்கள் உள்ள இடம்.

பேனா நின்றது.

"இது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது மேடம்." மெதுவாகச் சொன்னார். "உங்க வேலைதான் முடிஞ்சுதே."

அவள் இரண்டாவது வரியை விரலால் காட்டினாள்.

தாளைக் கண்டதும் புகைப்படக்காரர் ஓடி வந்தார். புகைப்படக்காரரைக் கண்டதும் சிறப்பு விருந்தினர் வந்தார். செயலாளரின் தோளில் கை போட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"ம், கையெழுத்தப் போடுங்க."

மலைப்பாதைத் திருப்பத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

கையெழுத்து விழும்வரை தாளின் மறுமுனையை அவள் விடவில்லை.