பிழிந்த தண்ணீர்

“மாமா, வந்துட்டாங்க! கையில பெட்டி, பெட்டி நிறைய பாட்டில்!” மூச்சிரைக்க ஓடிவந்தான் மச்சான். “கழிவுத் தண்ணி எங்கேன்னுதான் முதல் கேள்வியே!”

சோதனை போட வந்துவிட்டார்கள் என்று முதலாளி பதறி எழுந்தார். சோயாவை அரைத்துப் பாலெடுத்து, பனீர் மாதிரி டோஃபு செய்கிற ஆலை அவருடையது. பிழிந்த தண்ணீரை இனி ஓடையில் விட்டால் கதவுக்குப் பூட்டுதான் என்று அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். அதை வேறெங்கே கொட்டுவது என்று தெரியாமல் மனிதர் தூக்கம் கெட்டு அலைந்துகொண்டிருந்தார்.

“தொட்டியில என்ன நிக்குது?”

“காலையில பிழிஞ்சது அத்தனையும். மஞ்சளா, நுரை தள்ளிக்கிட்டு.”

“திறந்து விட்டுட்டுக் குழாய்த் தண்ணியைப் பிடி.”

“ஓடையிலயா மாமா?”

“இன்னிக்கு ஒரு நாள்தான்டா, ஓடு!”

அவர் முன்னறைக்குள் நுழைந்ததும், பெட்டியோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். “சார், நான் எதுக்கு வந்தேன்னா...”

“தெரியும் மேடம், எல்லாம் தெரியும். முதல்ல காபி சாப்பிடுங்க.” அவள் வாய் திறந்தபோதெல்லாம் பிஸ்கட் தட்டை முன்னால் தள்ளினார். பின்பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் அவர் காதில் இடியாக விழுந்தது.

ஒருவழியாக மச்சான் வாசலில் வந்து நின்றான். முழங்கால்வரை நனைந்திருந்தான். அதன் பிறகே முதலாளி அவளைத் தொட்டிக்கு அழைத்துப் போனார்.

தொட்டியில் பாட்டிலை முக்கி எடுத்தவள், அதைப் பெட்டியிலிருந்த ஐஸுக்குள் புதைத்தாள். “இல்லைன்னா சீக்கிரம் கெட்டுடும் சார்.”

கழிவில் இனிமேல் கெட என்ன இருக்கிறது என்று நினைத்தார். கேட்டு வம்பை விலைக்கு வாங்க அவர் தயாராக இல்லை.

ஒரு சொட்டை ஒரு சின்னக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். முதலாளியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“ஒண்ணுமே இல்லையே சார்!”

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. “எங்க தண்ணி அப்படித்தான் மேடம். குடிக்கக்கூடச் செய்யலாம்!”

“என்னிக்குமேவா?”

“என்னிக்குமே! சத்தியமா!” மச்சானும் பலமாகத் தலையாட்டினான்.

அவள் முகம் சுருங்கிப்போனது. பெட்டியை மூடினாள்.

“சோயாத் தண்ணியில இருக்கிற சத்தைப் பிரிச்சு மாத்திரை செய்யிறவங்க சார் நாங்க. தினமும் உங்க கழிவு மொத்தத்தையும் வாங்கிக்கலாம்னுதான் வந்தேன்!”