இன்னும் ஏழு மாதம்

"ஏங்க, இன்னிக்கே வேலையை விட்டா எவ்வளவு கட்டணும்?"

"போன வாரம்தானே சொன்னேன்," என்று போனில் கணவன் சிரித்தான். "பத்து லட்சம். அதுல ஒரு பைசா குறையாது."

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சார்ஜர் ஒயர் குட்டை, கட்டில்வரை எட்டாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பேச்செல்லாம் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான். நர்ஸுகளுக்கென்று மருத்துவமனை கொடுத்த அறை. ஜன்னலுக்கு வெளியே வார்டுப் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

டயாலிசிஸ் பிரிவில் வேலை. வாரத்தில் ஆறு நாள், அடுத்தவர் ரத்தம் குழாயில் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏழாவது நாள் இந்தக் குரல்.

ஆள் கிடைக்காத இடம் என்பதால், சேரும்போதே பெரிய தொகையை ஜாயினிங் போனஸாகக் கொடுத்திருந்தார்கள். மூன்று வருடம் முடியுமுன் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு வருடம் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

"கைக்கு வந்தது ஏழுதானே? மூணு லட்சத்தை வரின்னு பிடிச்சுட்டுத்தானே குடுத்தாங்க? ஏழைத் திருப்பிக் குடுத்தா போதாதா?"

"அங்கதான் நீ தப்பு பண்ற. அவங்க குடுத்தது பத்து. அதுல மூணு உன் பேர்ல வரிக்குப் போயிருக்கு. நீ கண்ணால பாக்காத காசையும் சேத்துத்தான் கட்டணும். ஒப்பந்தத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"அந்த மூணை வரி ஆபீஸ்ல திருப்பிக் கேக்க முடியாதா?"

"கேக்கலாம். மொதல்ல பத்தையும் கட்டணும். அப்புறம் ரசீதை வச்சு வருஷக் கணக்குல காட்டணும். அவங்க ஒத்துக்கிட்டா வரும், இல்லேன்னா இழுத்தடிப்பாங்க. அதுவரைக்கும் நாம எங்க போறது?"

பொறுமையாகத்தான் சொன்னான். கணக்கு என்று வந்துவிட்டால் அவனுக்கு அலுப்பே கிடையாது. கல்யாணமான புதிதில் பேருந்துச் சீட்டின் பின்புறம் மாதச் செலவை எழுதி, கீழே விளையாட்டாகக் கையெழுத்தும் போட்டு நீட்டுவான். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள அது ஒரு சாக்கு. அவளும் புரியாத மாதிரி இரண்டு தடவை கேட்பாள்.

"மாசாமாசம் கொஞ்சமா கட்டறேன்னு இங்க சம்பளப் பிரிவுல கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேட்டுகீட்டு வைக்காத. விட்டுட்டுப் போகப் போறவன்னு பேர் வந்துட்டா அவ்வளவுதான். உனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். இதெல்லாம் என்கிட்ட விடு."

அவளும் சிரித்தாள். அவன் பக்கத்தில் எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க அது?"

"உன் பீரோவை மாடிக்கு ஏத்தறாங்க. குடி வர்றவங்க பீரோவோட வேணும்னுட்டாங்க. உன் புடவையெல்லாம் அட்டைப்பெட்டியில போட்டுப் பரண்ல வச்சாச்சு. பத்திரமா இருக்கு."

அந்த ஏழு லட்சத்தில் எழும்பிய மாடி. மீதிக்கு வாங்கிய கடனுக்கு அவள் சம்பளத்திலிருந்துதான் தவணை போகிறது. அந்த மாடியில் அவள் இன்னும் ஏறிப் பார்த்ததில்லை.

"நல்லதுதான். சும்மாதானே கெடந்துச்சு. பாப்பா இருக்காளா?"

போன் கை மாறியது.

"அம்மா, உன் தலகாணியில உன் வாசனையே போயிடுச்சு. நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோடா கண்ணு."

"நீ வந்தா என்ன பண்ணுவ?"

"ரெண்டு பேரும் ஒரே தலகாணியில படுத்துக்கலாம்."

"எப்ப வருவ?"

"அப்பாவைக் கேளு."

குழந்தை கேட்டது. "ஏழு மாசம்," என்று அவன் சொல்வது கொஞ்சம் தள்ளிக் கேட்டது. மறுபடி போன் அவனிடம் வந்தது.

அவள் ஒயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ஏங்க, ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். அவங்களே, பணமெல்லாம் வேணாம், நீ கிளம்பும்மான்னு விட்டுட்டா?"

"மெதுவா, மெதுவா, படியில இடிக்கப் போகுது," என்று பீரோ தூக்குபவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் அவளிடம் வந்தான்.

"எந்த ஆஸ்பத்திரிக்காரன் அப்படி விடுவான்? கனவு காணாத. ஏழு மாசம்தானே, கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"விட்டுட்டா வரச் சொல்லுவீங்கதானே?"

"இதென்ன கேள்வி. நானே வந்து கூட்டிட்டுப் போவேன்."

"சரிங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை கணக்குப் பாக்கலாம்."

"பாக்கலாம், பாக்கலாம். வச்சுடட்டுமா? ஆளுங்க நிக்கறாங்க."

போனைச் சுவரோரம் வைத்தாள். வெளியே யாரோ காய்ந்த விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்தாள். சம்பளப் பிரிவில் கேட்டு வாங்கிய இரண்டு நகல்கள், பதினேழு ஞாயிறுகளாக அங்கேதான் இருக்கின்றன. முதலாவது, இரண்டு வருடம் முடித்தவர்கள் இனி எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று மருத்துவமனை அவள் வீட்டு முகவரிக்கு அனுப்பிய கடிதம். இரண்டாவது, அதற்கான தபால் ஒப்புகைச் சீட்டு. அதில் ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதிக்குக் கீழே, பேருந்துச் சீட்டுகளின் பின்புறம் அவள் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து.