கல் விழும் சத்தம்

பாழடைந்த கட்டடங்களால் இந்த உலகத்தில் எவனும் செத்ததில்லை, பயந்தவர்கள்தான் செத்திருக்கிறார்கள் என்று, கைவிடப்பட்ட நூற்பாலையின் வாசலில் நின்று அறிவித்தான் திலீபன். கூட வந்த வகுப்புத் தோழி ரெஜினா கூழாங்கல் ஒன்றை முன்னால் எறிந்து, அது விழுந்த சத்தம் கேட்ட பிறகே காலை எடுத்து வைத்தாள். அறைக்கு அறை அப்படித்தான்.

“என்னடி, சோழி போட்டு ஜோசியம் பாக்குறியா? தரை என்ன, எந்திரிச்சு ஓடிரப் போவுதா?”

“வாயை மூடுறா. கல்லு என்ன சொல்லுதுன்னு கேக்க வேண்டாமா?”

கடைசிக் கூடத்தில் கூரை இல்லை. தரை முழுக்கக் கொடி படர்ந்து, அதன்மேல் வேப்பஞ்சருகு மெத்தைபோல் கிடந்தது. அதில் குதிக்கத் திலீபன் காலைத் தூக்கினான். அவளுடைய கல் அவனைத் தாண்டிப் போய்ச் சருகுக்குள் புகுந்தது. சத்தமே இல்லை. தூக்கிய காலோடு நின்றான். வெகு நேரம் கழித்து, எங்கோ அடியில், தண்ணீர் ‘களக்’ என்றது.

காலைப் பின்னால் இறக்கி வைத்தான்.

அன்று மாலை விடுதியில் தன் அறைக் கதவைத் திறந்தவன், தாழ்வாரத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து உள்ளே எறிந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல், காதைச் சாய்த்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். விழுந்த சத்தம் இன்னும் வரவில்லை.